பேய்ப்பூக்களின் கதையைச் சொன்னது யார்?

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ நள்ளிரவுப் பேய்க்கதை என்று உள்ளே வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். பேய் உண்டு, பிணம் உண்டு, சுடுகாடும் உண்டு. ஆனால் கொஞ்சம் கணக்கு வழக்கும் உண்டு. பொறுத்துக்கொள்ளவும்.

'உலகின் 10 பயங்கர மலர்கள்', 'இந்தப் பூவைத் தொட்டால் சாவு நிச்சயம்' என்ற ரகப் பட்டியல்கள் ஒரு காலத்தில் ஃபார்வேர்டு மெயிலில் சுற்றின. இப்போது ரீல்ஸில் சுற்றுகின்றன. சரக்கு என்னவோ அதேதான். பிடுங்கினால் அலறும் வேர், செத்தவர்களுக்கு வழிகாட்டும் சிவப்புப் பூ, பெண்ணை விழுங்கும் மரம்... இதைப் பார்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி "அய்யய்யோ" என்று உடனே நாலு பேருக்கு அனுப்பி வைக்கும். இன்னொரு கட்சி "எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விடும்.

இரண்டு கட்சியும் செய்கிற தப்பு ஒன்றுதான். எல்லாக் கதைகளையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். "இது நிஜமா?" என்று மட்டும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இந்தக் கதையைச் சொன்னது யார்? அந்தச் செடிக்குப் பக்கத்தில் குடியிருந்தவரா, செடியைப் பார்க்காமலே கதையை விற்றவரா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே மூட்டை இரண்டாகப் பிரிந்துவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

செத்தவர் பூ

முதலில் ஜப்பான். அனிமே பார்க்கிறவர்களுக்கு இந்தப் பூ நன்றாகத் தெரியும். யாராவது சாகப் போகிறார் என்றால் திரை முழுக்கச் சிவப்பாகப் பூத்து நிற்குமே, அதுதான். இங்கிலீஷில் 'ரெட் ஸ்பைடர் லில்லி'. ஜப்பானியப் பெயர் ஹிகன்பானா. 'ஹிகன்' என்றால் அக்கரை. அதாவது செத்தவர்கள் போய்ச் சேரும் அக்கரை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலும் இரவும் சமமாக வரும் நாளை ஒட்டிய ஒரு வாரத்துக்கும் அங்கே ஹிகன் என்றுதான் பெயர். அந்த வாரத்தில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து கும்பிட்டு வருவார்கள். சரியாக அந்தச் செப்டம்பர் மாதத்தில்தான் இந்தப் பூ கல்லறை ஓரமெல்லாம் பூக்கிறது.

பூக்கும்போது செடியில் ஒரு இலைகூட இருக்காது. தரையிலிருந்து மொட்டைத் தண்டு மட்டும் எழும்பி, உச்சியில் ரத்தச் சிவப்பாகப் பூ விரியும். பூ வாடிய பிறகுதான் இலை வரும். குளிர்காலம் முழுக்கப் பச்சையாக இருந்துவிட்டு, அடுத்த பூ வருவதற்குள் இலை காய்ந்துவிடும். இலையும் பூவும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. இது போதாதா, கதை கட்ட? செத்தவர் பூ, பேய்ப்பூ, நரகப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர். வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீடு தீப்பிடிக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவார்கள்.

இப்போது செடியின் பக்கம் வருவோம். ஜப்பானில் பரவலாக இருக்கும் ஹிகன்பானா விதை வைப்பதில்லை. அதன் குரோமோசோம் அமைப்பு அப்படி, மலட்டுச் செடி. மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கு பிரிந்துதான் பெருகும். சீனாவிலிருந்து வந்த இந்தச் செடி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகவேண்டுமென்றால் யாராவது கிழங்கைக் கையில் எடுத்துப் போயிருக்க வேண்டும். ஆக, வயல் வரப்பிலும் கல்லறை ஓரத்திலும் வரிசை கட்டி நிற்கும் இந்த 'நரகப்பூ' தானாக முளைத்தது இல்லை. மனிதர்கள் வேலை மெனக்கெட்டு நட்டு வைத்தது.

வீட்டுக்குள் வந்தாலே தீப்பிடிக்கும் பூவை ஊரெல்லாம் நடுவானேன்? காரணம் கிழங்கில் இருக்கிறது. அதில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி, பேதி. வரப்பில் நட்டால் எலியும் அகழெலியும் வளை தோண்டாது, வயல் தண்ணீர் ஒழுகாது. பிணத்தைப் புதைத்து வந்த காலத்தில் புதைகுழியைச் சுற்றி நட்டால் மிருகங்கள் தோண்டாது. இன்னொன்றும் உண்டு. பஞ்சம் வந்தால் அதே கிழங்கை அரைத்து, திரும்பத் திரும்பத் தண்ணீரில் அலசி நஞ்சைப் போக்கி, மிஞ்சும் மாவைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள். அலசுவதில் கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வயலுக்கு வேலி, கல்லறைக்குக் காவல், பஞ்சத்துக்குச் சேமிப்பு. காமர்ஸ் பாஷையில் சொன்னால் ரிசர்வ் ஃபண்ட். சும்மா இருக்கிற நாளில் அதில் கை வைக்கக்கூடாது. ஆனால் அழகான பூ, பிள்ளைகள் பறிக்காமல் இருக்குமா? போர்டு எழுதி மாட்டலாம் என்றால் படிக்கத் தெரியாத வயசு. அந்த இடத்தில் 'வீடு தீப்பிடிக்கும்' என்ற ஒரு வாக்கியம் எவ்வளவு வேலை செய்திருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், இதே பூவுக்கு மஞ்சுஷாகே என்று இன்னொரு பெயரும் ஜப்பானில் உண்டு. சமஸ்கிருதத்திலிருந்து பௌத்தத்தோடு போன பெயர், வானத்துப் பூ என்று அர்த்தம். ஒரே பூ சொர்க்கத்திலும் இருக்கிறது, நரகத்திலும் இருக்கிறது. இன்றைக்கு டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமா மாகாணத்தின் ஹிதாகா நகரில் சுமார் 50 லட்சம் ஹிகன்பானாக்கள் ஒரே இடத்தில் பூக்கின்றன. அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. 2016 முதல் 2020 வரை வெளிவந்த 'டீமன் ஸ்லேயர்' மங்காவில் வில்லன் தேடி அலையும் நீல ஹிகன்பானா முழுக்கக் கற்பனை. ஆனால் மருந்தும் விஷமும் ஒரே பூவில் இருக்கும் என்ற எண்ணம் கற்பனை இல்லை. ஹிகன்பானா வகைச் செடிகளில் கிடைக்கும் கலந்தமின், அல்சைமர் நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து.

உற்றுப் பார்த்தால் கண்வலி

ஜப்பான்காரர்கள் மட்டும்தான் இப்படியா? தமிழ்நாட்டின் மாநில மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன செங்காந்தள். அதையே கிராமத்தில் கேட்டால் கண்வலிப்பூ என்பார்கள், கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். உற்றுப் பார்த்தால் கண்வலி வருமாம்.

வராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் செடி முழுக்க கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் அதிகம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துச் சமைத்துத் தின்று இறந்தவர்களைப் பற்றி இந்திய, இலங்கை மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதே கோல்சிசின் சரியான அளவில் கீல்வாதத்துக்கு மருந்து. தமிழ்நாட்டில் விவசாயிகள் பந்தல் போட்டு இதை வளர்த்து விதையை விற்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளுக்காக அது ஏற்றுமதியாகிறது. பார்க்கவே கூடாது என்று மிரட்டி வைத்தால் தோண்டித் தின்ன மாட்டார்கள் அல்லவா? கதை பொய், எச்சரிக்கை நிஜம்.

"விஷம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, எதற்குப் பேயும் கண்வலியும்?" என்று பகுத்தறிவுக் கட்சி கேட்கும். நியாயமான கேள்விதான். இன்றைக்கு நேராகச் சொல்வதே நல்லது. பேய்க்கதைக்கு முதலுதவி தெரியாது, எத்தனை கிராம் தின்றால் ஆபத்து என்று தெரியாது, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக்கூடாது. கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை என்றால் மிஞ்சுவது அறிவு அல்ல, வெற்றிடம். "கண்வலியாவது ஒன்றாவது" என்று சிரிக்கக் கற்றுக்கொண்ட பையனுக்குக் கிழங்கு விஷம் என்பதையும் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? அதுதான் கேள்வி.

அலறும் வேருக்கு ஒரு ரேட்

இனி ஐரோப்பா. இங்கேதான் வியாபாரி உள்ளே நுழைகிறார்.

ஹாரி பாட்டர் இரண்டாம் பாகத்தில் தொட்டியிலிருந்து பிடுங்கியதும் குழந்தை மாதிரி வீறிடும் செடி ஞாபகம் இருக்கிறதா? மாண்ட்ரேக். எழுத்தாளரின் சொந்தச் சரக்கு இல்லை, மத்தியதரைக் கடல் பக்கத்தில் நிஜமாகவே வளரும் செடி. கத்தரி, ஊமத்தைக் குடும்பம். ஊமத்தை போலவே மயக்கமும் பிதற்றலும் உண்டாக்கும் நஞ்சு அதிலும் உண்டு. தமிழ் பைபிளில் ராகேலும் லேயாளும் சண்டை போட்டுக்கொள்ளும் தூதாயீம் கனி இதுதான் என்பது பரவலான கருத்து. வேர் சில சமயம் இரண்டாகக் கிளைத்து மனிதக் கால்கள் மாதிரி இருக்கும். அவ்வளவுதான், கதை ஆரம்பித்துவிட்டது. தூக்குமரத்துக்கு அடியில், தொங்கியவன் உடம்பிலிருந்து சொட்டியதில் முளைக்குமாம். பிடுங்கினால் அலறுமாம். கேட்டவன் அங்கேயே செத்துவிடுவானாம். அதனால் ஒரு நாயைச் செடியில் கட்டிவிட்டு, ஆள் தள்ளி நின்று கூப்பிட வேண்டுமாம். நாய் இழுக்கும், வேர் வரும், நாய் சாகும். நாயை வைத்துப் பிடுங்கும் இந்த முறையை முதலாம் நூற்றாண்டிலேயே யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் ஒரு வேரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அது மாண்ட்ரேக்தான் என்று பலரும் கருதுகிறார்கள்.

இதிலும் எச்சரிக்கை இருக்கிறது. நஞ்சுள்ள வேரைக் கண்டவன் தோண்டாதே என்பது நல்ல புத்திதான். ஆனால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வேருக்கும் ஒரு நாய் சாகவேண்டும் என்றால் அந்த வேரின் விலை என்ன? வாங்குகிறவன் தானே போய்த் தோண்டிப் பார்ப்பானா? மாட்டான். போட்டியும் கிடையாது, சோதனையும் கிடையாது. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேறொரு கொடியின் வேரை எடுத்து, மனித உருவமாகச் செதுக்கி, மாண்ட்ரேக் என்று சொல்லி விற்றார்கள். அந்தப் போலிகளைக் கண்டித்து அன்றைக்கே எழுதினார் வில்லியம் டர்னர் என்ற தாவரவியலாளர். 1597-ல் ஜான் ஜெரார்ட் தன் மூலிகை நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். தானும் தன் வேலையாட்களும் நிறைய மாண்ட்ரேக்குகளைத் தோண்டி எடுத்து நட்டதாகவும், அந்தக் கதைகளெல்லாம் வெறும் கட்டு என்றும் எழுதினார். நாய் எதுவும் சாகவில்லை!

கதையால் வேறு விலையும் கொடுக்க வேண்டி வந்தது. 1431-ல் ஜோன் ஆஃப் ஆர்க் மீதான விசாரணையில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் மாண்ட்ரேக் வைத்திருந்தாள் என்பதும் ஒன்று. அவள் மறுத்தாள். மற்ற குற்றச்சாட்டுகளோடு இதையும் எழுதிச் சேர்த்தார்கள், கடைசியில் அவளை எரித்தார்கள். செடியைப் பற்றிய பயத்தை மனிதர்கள் மேல் திருப்பிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இது ஒரு சாம்பிள்.

பெண்ணை விழுங்கிய மரம்

மாண்ட்ரேக்கிலாவது செடி என்று ஒன்று இருந்தது. அடுத்ததில் அதுவும் இல்லை.

1874 ஏப்ரலில் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. மடகாஸ்கர் தீவுக்குப் போன ஒரு ஜெர்மானியர் எழுதிய கடிதமாம். அங்கே ம்கோடோ என்ற இனத்தார் ஒரு மரத்தைக் கும்பிடுகிறார்களாம். அன்னாசிப்பழம் மாதிரி அடிமரம், அதைச் சுற்றி முள் நிறைந்த பெரிய இலைகள், உச்சியில் பாம்பு மாதிரி நெளியும் கொடிகள். ஒரு பெண்ணை ஈட்டி முனையில் மரத்தின்மேல் ஏற்றுகிறார்கள். கொடிகள் அவளைச் சுற்றி நெரிக்கின்றன, இலைகள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் சொட்ட, சுற்றி நின்றவர்கள் கொண்டாடுகிறார்கள்.

கட்டுரை பல நாட்டுப் பத்திரிகைகளில் மறுபடி மறுபடி அச்சானது. அது எட்மண்ட் ஸ்பென்சர் என்ற பத்திரிகையாளர் உட்கார்ந்து எழுதிய கட்டுக்கதை என்று 1888-ல் இன்னொரு பத்திரிகை போட்டு உடைத்தது. கதை நின்றதா? இல்லை. 1924-ல் மிச்சிகன் மாநிலத்தின் முன்னாள் கவர்னர் சேஸ் ஆஸ்பர்ன் மடகாஸ்கரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பே 'மனிதனைத் தின்னும் மரத்தின் நாடு'. அந்த மரம் நிஜமாக இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது, வாசகரின் கவனத்தை இழுத்தால் போதும் என்று அவரே உள்ளே சொல்லிவிட்டார். தலைப்பு மட்டும் மாறவில்லை. மரம், இனம், கடிதம் எழுதியவர் எல்லாமே கற்பனை என்று 1955-ல் வில்லி லே என்ற அறிவியல் எழுத்தாளர் விரிவாக எழுதினார்.

ஹிகன்பானா கதையால் ஒரு பிள்ளை கிழங்கைத் தின்னாமல் தப்பித்திருக்கலாம். இந்த மரத்தின் கதையால் யார் தப்பித்தார்கள்? லாபம் பத்திரிகைக்கு, நஷ்டம் மடகாஸ்கர் மக்களுக்கு. தங்கள் பெண்களையே மரத்துக்குத் தீனி போடும் கூட்டம் என்று பெயர் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. 1896-ல் பிரான்ஸ் மடகாஸ்கரைத் தன் காலனியாக்கியது. 1960-ல்தான் அது விடுதலை அடைந்தது. ஒரு மரக் கதையால் நாடு பிடிபட்டது என்று சொல்வது அபத்தம். ஆனால் 'அங்கே இருப்பவர்கள் காட்டுமிராண்டிகள், நாம் போய்த் திருத்துகிறோம்' என்று நம்பத் தயாராக இருந்த வாசகர்களுக்கு இந்த மாதிரிக் கதைகள் நல்ல தீனி. பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் கதைக்குக் கிராக்கி குறையாததற்கு வேறென்ன காரணம்?

மடகாஸ்கரில் மனிதரைக் கொன்ற செடியே கிடையாதா என்றால், உண்டு. தங்கேனா. அதன் விதையைத் தின்னக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்லும் வழக்கம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஏராளமானோர் அதில் இறந்தார்கள். 1860-களில் அந்த நாட்டு அரசே அதைத் தடை செய்தது. அந்த நிஜத்தில் நெளியும் கொடி இல்லை, அலறும் பெண் இல்லை. இருந்தது அதிகாரமும் சந்தேகமும்தான். அந்தத் தடையை வைத்துத் தலைப்புப் போட்டால் பத்திரிகை விற்குமா?

சுடுகாட்டுப்பூ

அதே மடகாஸ்கரிலிருந்து வந்த இன்னொரு பூ அநேகமாக உங்கள் தெருவிலேயே இருக்கும். ஐந்து இதழ், ரோஸ் அல்லது வெள்ளை, யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வருஷம் முழுக்கப் பூக்கும். நித்தியகல்யாணி. அதற்குத் தமிழில் சுடுகாட்டுப்பூ என்றும் பெயர் உண்டு. இத்தாலியில் இறந்த குழந்தைகளுக்கு இந்தப் பூவில் மாலை கட்டிப் போடுவார்களாம், அதனால் அங்கேயும் செத்தவர் பூ என்றே பெயர். இரண்டு மூலையில் இருக்கும் இரண்டு ஊர்கள் ஒரே பூவுக்குச் சாவின் பெயரை வைத்திருக்கின்றன. இதுவும் நஞ்சுள்ள செடிதான். தங்கேனாவும் நம் அரளியும் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே தாவரக் குடும்பம்.

1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கவரில் இந்தச் செடியின் இலைகள் வந்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று. ராபர்ட் நோபல் என்ற விஞ்ஞானி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தான் ரத்தப் புற்றுநோய் என்று நினைத்துப் பார்த்தால் அடுத்து நடந்தது புரியும். அவரும் சார்லஸ் பீர் என்பவரும் சேர்ந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினும், இன்னொரு ஆய்வுக்குழு கண்டுபிடித்த வின்கிரிஸ்டினும் மருந்தாயின. அந்தக் காலத்தில் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் ஏறத்தாழ மரண தண்டனை. இன்று வசதியான நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் 10-க்குச் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். அதற்குக் காரணமான கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டினும் ஒன்று.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. மருந்தில் வந்த லாபத்தில் மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி இன்றுவரை தாவர வள உரிமை பற்றிய விவாதங்களில் எழுகிறது. 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கையும் 2010-ன் நகோயா ஒப்பந்தமும் வருவதற்குள் அந்த மருந்துகள் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருந்தன. இல்லாத மரத்தின் பழி மட்டும் மடகாஸ்கரின் கணக்கில் முழுசாக எழுதப்பட்டது. இருக்கிற பூவின் பலன் வேறு யார் கணக்கிலோ ஏறியது.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, அடுத்த முறை ஒரு பேய்ப்பூ ஃபார்வேர்டு வந்தால் உடனே நம்பவும் வேண்டாம், உடனே சிரிக்கவும் வேண்டாம். அந்தச் செடியோடு வாழ்ந்தவர்கள் சொன்ன கதையா என்று பாருங்கள். ஆமென்றால் உள்ளே ஒரு உண்மை ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுத்து இன்றைய பாஷையில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து யாரோ விற்ற கதை என்றால், அதில் பேய் வேஷம் போட்டிருப்பது பூவா, அந்தப் பூ வளரும் ஊரின் மக்களா என்று பாருங்கள். மக்கள் என்றால் அந்த ஃபார்வேர்டு உங்களோடு நிற்கட்டும்.